பட்டணம் என்பது யாது?

சுங்கை ரம்பாய்க் கடைத்தெருவில் தேநீர் அருந்தக் கூடும் நம் நண்பர்களிடையே ஒரு வாதம் அடிக்கடி எழுவதுண்டு. "பட்டணம் என்றால் அது கோலாலம்பூர்தான், மலாக்கா ஒரு பெரிய கம்பம், பினாங்கு ஒரு பழைய சாமான் கடை" என்று ஒருவர் தீர்ப்புக் கூறுவார். தலைநகரில் வேலை பார்த்துப் பண்டிகைக்கு ஊர் வந்திருக்கும் இளைஞர் அதற்குத் தலையசைப்பார். தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே முதுமையடைந்த பெரியவர், தமக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல் வாய்மூடி இருப்பார். அந்தப் பெரியவரே இவ்வாதத்தில் முதலிற் பேசவேண்டியவர் என்பது நம் கட்சி. அவர் பேசாததனால்தான் தீர்ப்புத் தவறிப்போகின்றது.

பட்டணத்தை அளக்க நம்மவர் கைக்கொண்டிருக்கும் கோல்கள் மூன்று. முதலாவது பட்டயம். ஜார்ஜ் டவுன் 1957-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் மாநகரமாயிற்று. கோலாலம்பூர் 1972-இலும், மலாக்கா 2003-இலும், சிரம்பான் 2020-இலும் அத்தகுதியைப் பெற்றன. இவ்வரிசைப்படி பினாங்கே மூத்த பட்டணம். கோலாலம்பூரை மெச்சுவோர் இதனை ஒப்புவாரோ? ஒப்பார். நாமும் வற்புறுத்தோம். பட்டயம் வாசித்த மறுநாட் காலையில் எந்தச் சடக்கிலும் ஒரு நடைபாதை தானே முளைத்ததில்லை.

இரண்டாவது கோல் உயரம். 452 மீட்டர் உயர்ந்த இரட்டைக் கோபுரம் 1998-இல் உலகிலேயே உயர்ந்த கட்டடம் எனப் பெயர் பெற்றது. பின்னர் அதனினும் உயர்ந்து, 678.9 மீட்டரில் மெர்டேக்கா 118 எழுந்தது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவரெல்லாம் "ஆகா, பட்டணம்!" என்கின்றனர். கோயிற் கோபுரத்தின் உயரத்தைக் கொண்டு ஊரின் சிறப்பை அளந்த அதே பழைய புத்தியன்றோ இது? கோபுரம் உயர்ந்தது, வாசலில் நின்றவனை உள்ளே விட்டார்களா என்பதே கேள்வி. அன்று ஆலயத்தை நோக்கிக் கேட்ட அக்கேள்வியை இன்று பட்டணத்தை நோக்கிக் கேட்கிறோம்.

மூன்றாவது கோல் ஜன நெருக்கம். இது சற்று நியாயமுடையதுபோல் தோன்றும். ஆனால் அமெரிக்க நாட்டைப் பாருங்கள். 2010, 2020 ஆகிய இரு குடிமதிப்பின்படியும், புறநகரையும் சேர்த்து எண்ணினால், லாஸ் ஏஞ்சல்ஸ் நியூயார்க்கைவிட நெருக்கமானது. ஆயினும் இரண்டையும் கண்டவர் நியூயார்க்கையே பட்டணத்துக்கு இலக்கணமாகச் சொல்வர். லாஸ் ஏஞ்சல்ஸைச் சடக்குகளால் தைத்த ஊர்க்கூட்டம் என்பர். காரணம் யாது? நியூயார்க்கில் 1904-இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயில் இன்றும் இரவு முழுவதும் ஓடுகின்றது. அங்குள்ள குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குச் சொந்த மோட்டார் வண்டி இல்லை, இல்லாததனால் அவர்கள் குறைந்தவர்களும் அல்லர். லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஒரு காலத்தில் மாபெரும் மின்சார ரயில் வலை இருந்தது. அதனைப் படிப்படியாகக் கைவிட்டு, பசிபிக் எலக்ட்ரிக்கின் கடைசி வழித்தடத்தையும் 1961-இல் மூடினர். 1990-இல் ரயிலை மீண்டும் ஓட்டத் தொடங்கினர். விட்டதைப் பிடிக்க முப்பது ஆண்டு! நெருக்கமாக அடைத்து வைப்பதனால் மட்டும் பட்டணமாகுமாயின், தோட்டத்து லயம் அல்லவா பெரும் பட்டணமாயிருந்திருக்க வேண்டும்?

ஆகவே நம் கோலைச் சொல்வோம். வண்டியில்லாதவன் தன் ஒரு நாட் காரியத்தைக் காலால் நடந்தும் பொதுவண்டி ஏறியும் முடிக்க இயலுமா? பொழுது சாய்ந்தபின் ஒரு பெண் அச்சமின்றி நடமாட விளக்கும் ஆளரவமும் உண்டா? "எந்த லயம்? யார் மகன்? என்ன சாதி?" என்று எவரும் கேளாமல் வேலையும் கல்வியும் குடியிருப்பும் கிட்டுமா? இம்மூன்றுக்கும் ஆம் எனும் ஊரே பட்டணம். இரண்டாவது கேள்வி தமிழர்க்குப் புதிதன்று. மதுரையில் பகலங்காடிபோலவே அல்லங்காடியும் இருந்ததை மதுரைக்காஞ்சி கூறுகின்றது. மூன்றாவதே நமக்கு உயிர்நாடியானது. 1929-இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து சென்ற பெரியார், நகரத்துக்கு உழைக்கும் கீழ்ச்சாதியாகவே கிராமம் வைக்கப்பட்டிருக்கிறது, அந்த வேற்றுமையே ஒழியவேண்டும் என்று பிற்காலத்தில் வாதிட்டார். அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றுவோரைக் கடுமையாக மறுத்தார். பெயரறியாத கூட்டத்தில் நடப்பதும் ஒரு விடுதலை என்பதை அவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

இனி நம் ஊர்களை நிறுப்போம். ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவிலிருந்து லெபு பசார் வரை அஞ்சடியிலேயே, வெயிலும் மழையும் படாமல், பெருந்தூரம் நடக்கலாம். 1822-இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத்திட்டத்தில் கடைவீடுகளின் முன் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைவழி வேண்டுமென்று விதித்தார்; அவ்வழக்கமே மலாயாப் பட்டணங்களிலும் பரவிற்று. நடப்பவனுக்காகத் தன் வீட்டில் ஐந்தடியை விட்டுக்கொடு என்னும் அவ்விதியைவிடப் பட்டணத்துக்குச் சிறந்த இலக்கணம் நாம் அறியோம். அங்கே 1906 முதல் மின்சார டிராம் ஓடியது; பின்பு டிராலி பேருந்து. அதுவும் 1961-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் தன் தடத்தை மூடிய அதே ஆண்டில், நின்றது. 1999-இன் இறுதியில் வாடகைக் கட்டுப்பாடு முடிவுற்றதும் ஏழைக் குடிகள் பலர் நகர நடுவிலிருந்து வெளியேறினர். உடல் இருக்கின்றது, உயிர் பாதி போயிற்று.

கோலாலம்பூர் மூன்றாவது கேள்வியில் முதல் மதிப்பெண் பெறும். 1976-இல் திறந்த புடுராயாவில், ஒரு பையோடு வந்திறங்கிய தோட்டத்து இளைஞர் எத்தனை பேர்! அவர்களை அந்நகரம் சாதி கேளாமல் வேலையில் வைத்தது. 1996 முதல் நகர ரயில்களும் பெருகின. ஆனால் நிலையத்தில் இறங்கியவன் எதிரே தெரியும் அடுக்குமாடி வீட்டை அடைய நெடுஞ்சாலையைச் சுற்றி அலைய வேண்டிய இடங்கள் அங்கே மிகப்பல. மேலே நியூயார்க்கு, கீழே லாஸ் ஏஞ்சல்ஸ்!

நம் மலாக்காவோ? சுல்தான்கள் ஆண்ட காலத்திலேயே தமிழ் வணிகர் குடியேறித் தழைத்த துறைமுகம். அங்கே 84 மொழிகள் வழங்கின என்று தோமே பிரேஸ் என்னும் போர்த்துகீசியர் எழுதி வைத்தார். இன்றும் தாவிநாயகர் செட்டி 1781-இல் எழுப்பிய விநாயகர் கோயிலும், 1748-இன் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், செங் ஹூன் தெங் சீன ஆலயமும் ஒரே தெருவில் நிற்கின்றன. நடப்பவனுக்கு இதனைவிட இசைந்த தெருக்கள் இந்நாட்டில் அரிது. ஆயினும் 2008-இல் உலக மரபுடைமையாக அறிவிக்கப்பட்ட பின்னர் அத்தெருக்கள் வருகையாளர்க்கே முதலுரிமை பெற்றன. ஜோங்கர் தெருவின் இரவுச்சந்தை வாரத்தில் வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்றிரவு. மற்ற இரவுகளில் அத்தெரு அடங்கிவிடும். வெளியூர்ப் பேருந்து நிலையமோ பழைய நகருக்குச் சில கிலோமீட்டர் அப்பால்.

இரயிலின் கதை இன்னும் கசப்பானது. மலாக்கா நகரத்துக்குத் தம்பினிலிருந்து ஒரு கிளைப்பாதை இருந்தது. யுத்தகாலத்தில் ஜப்பானியர் அத்தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு சென்றனர். நம் தோட்டங்களிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மடிந்தனர். ஆட்கள் திரும்பவில்லை, பாதையும் திரும்பவில்லை. இன்றும் ரயிலேற வேண்டுவோர் புலாவ் செபாங்குக்குப் போகவேண்டும். இதற்கிடையே 2010-இல் ஆற்றோரமாக 1.6 கிலோமீட்டருக்கு ஒரு மோனோரயில் அமைத்தார்கள். வேடிக்கை பார்ப்பவனுக்கு ரயில். வேலைக்குப் போகிறவனுக்கு இல்லை.

"தோட்டத்தானுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?" என்பார் சிலர். எதற்கா? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கவே 1960-இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1967-இல் இதே ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் ஆசாகான் தோட்டத் தொழிலாளர் தம் குறையை எடுத்துரைக்கக் கோலாலம்பூர் நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டனர். பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. லயத்தை இழந்தவர்க்குக் கிடைத்தது பெரும்பாலும் பட்டணத்தின் விளிம்பில் ஒரு மலிவு அடுக்குமாடி. அங்கே கடையில்லை, நூலகமில்லை, வேளைக்கு வரும் பேருந்தில்லை. மகனிடம் மோட்டார் சைக்கிள் உண்டு. தாய்க்கு மருத்துவமனை போக அவன் ஓய்வுநாள் வரவேண்டும். தோட்டத்தை விட்டோம், உண்மை. பட்டணத்தைச் சேர்ந்தோமா?

நம்மவர் குற்றத்தையும் மறைக்கமாட்டோம். கடன்பட்டு மோட்டார் வாங்கியதும் "பட்டணத்தானாகிவிட்டேன்" என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம். கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்வதில் நமக்குள்ள ஊக்கம், பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு கூரை கேட்பதில் உண்டா? அஞ்சடியைச் சாமான் போட்டு அடைக்கும் கடைக்காரரில் நம்மவரும் உளரன்றோ?

ஆதலின் நண்பர்காள்! எந்தப் பட்டணம் பெரிது என்னும் வீண்வாதத்தை விடுவோம். சுங்கை ரம்பாயிலிருந்து ஜாசினுக்கும் மலாக்காவுக்கும், கேசாங் ஆற்றைக் கடந்து மூவாருக்கும் காலையும் இரவும் நேரந்தவறாத பேருந்து வேண்டும். அடுக்குமாடியின் வாசலில் நடைபாதையும் விளக்கும் வேண்டும். நடந்துபோகும் தூரத்தில் ஒரு நூலகம் வேண்டும். வேட்பாளர் வாக்குக் கேட்டு வரும்போது கட்டடத்தின் உயரத்தைப் பற்றிப் பேசுவாராயின், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று அவரைக் கேளுங்கள். தேநீர்க்கடையில் வாய்மூடி அமர்ந்திருக்கும் அப்பெரியவர் பிறர் தயவின்றித் தாமே போய்த் தாமே திரும்பும் நாளில், எது பட்டணம் என்பதை அவரே நமக்குச் சொல்வார்.