சூடு ஆறட்டும்!

புனலூர் வழியாகக் குற்றாலத்துக்குப் பஸ்ஸில் வந்தவர்களுக்கு அந்த நெடி தெரிந்திருக்கும். ஆரியங்காவைத் தாண்டி, கோட்டைவாசலிலிருந்து வண்டி வளைந்து வளைந்து புளியரைக்கு இறங்குகையில் மூக்கைத் துளைக்கும். சென்ற சாரலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி, "யாரோ எதையோ அடுப்பிலே தீய விட்டுட்டா!" என்றாள். தீய்ந்தது பிரேக்.

செங்கோட்டையில் டிரைவர் சாவகாசமாக டீ குடித்தார். "அருவியிலே கூட்டம் சேர்ந்துடுமே" என்று மாமி முணுமுணுத்தாள்.

"வீலு கொதிக்குதும்மா. ஆறட்டும்" என்றார் அவர்.

மலை இறங்கும் பஸ்ஸுக்கே இந்தப் பாடு என்றால், ஜெட் விமானத்துக்கு? போயிங் 747 தரையைத் தொடும்போது எடை சுமார் 285 டன் வரை இருக்கும். வேகமோ மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல். ஓடுபாதை முடிவதற்குள் அத்தனை வேகத்தையும் எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். எஞ்சின்கள் காற்றை முன்பக்கமாகத் திருப்பித் தள்ளிக் கொஞ்சம் உதவுகின்றன. நம் டிரைவர் சின்ன கியரில் இறங்கினாரே, அந்த மாதிரி. மீதி, 16 சக்கரங்களின் பிரேக்குகளில் சூடாக மாறுகிறது. வேகம் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு!

இதில் விசித்திரம் என்னவென்றால், விமானம் நின்றதும் சூடு அடங்கிவிடுவதில்லை. உள்ளே இருக்கும் தட்டுகளிலிருந்து மெள்ளப் பரவி, பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துத்தான் மானியில் உச்சத்தைக் காட்டும். அதனால் சக்கரத்திலே சிறு தக்கைகள் வைத்திருக்கிறார்கள். சூடு எல்லை மீறினால் தக்கை உருகி, டயர் வெடிக்காமல் காற்றை வெளியே விட்டுவிடும். உங்கள் பிரஷர் குக்கர் மூடியில் இருக்கிற ஸேஃப்டி வால்வும் இதே ஜாதிதான்.

1986 மார்ச் 31ந் தேதி மெக்ஸிகோவில் ஒரு போயிங் 727 கிளம்பியது. ஒரு பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டதில் சக்கரம் கொதித்திருந்தது. நைட்ரஜன் அடைக்க வேண்டிய டயரில் சாதாரணக் காற்றை அடைத்திருந்தார்கள். சக்கரத்தை வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டு மேலே ஏறிய பிறகு டயர் வெடித்தது. எரிபொருள் குழாய் அறுந்து தீப்பிடித்தது. 167 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இறங்கிய விமானம் மறுபடி புறப்படத் தாமதமானால் நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறோம். உள்ளே பைலட் பிரேக் மானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சில விமானங்களில் சக்கரத்துக்கென்றே விசிறிகூட உண்டு.

எங்கள் பஸ்ஸுக்கு மலைக்காற்றுதான் விசிறி. இருபது நிமிஷத்தில் கிளம்பினோம். மாமி பயந்தபடியே பேரருவியில் நல்ல கூட்டம். வரிசையில் நின்றுதான் குளித்தோம்.