கம்பி அறுந்தால் வேலை நிற்க வேண்டுமா?

2021 டிசம்பர் 7-ம் தேதி அமெரிக்காவில் என்ன நடந்தது? வடக்கு வர்ஜீனியாவிலுள்ள அமேஸான் கம்பெனியின் கணிப்பொறிக் கேந்திரத்தில், உள்தொடர்புகளில் காலையிலேயே நெரிசல் ஏற்பட்டது. வெளியார் யாரும் தாக்கவில்லை. தானாக இயங்கும் ஏற்பாடு ஒன்றே அதைத் தூண்டிவிட்டது. பல மணி நேரம் சீராகவில்லை. அதே கம்பெனியின் கிடங்குத் தொழிலாளர்களும் வண்டியோட்டிகளும் பல ஊர்களில் வேலையின்றி நின்றனர். பெட்டிகள் இருந்தன, வண்டிகள் இருந்தன, உழைக்கக் கைகளும் இருந்தன. எந்தப் பெட்டி எந்தத் தெருவுக்கு என்ற உத்தரவு மட்டும் வரவில்லை!

தோழர்களே, இது ஏதோ தூரதேசத்துக் கதை என்று தள்ளிவிடக் கூடாது. இன்று கடை, ஆலை, கிடங்கு எங்கும் சிறு கணிப்பொறிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு வேலையைப் பங்கிடும் மேஸ்திரியும் ஒரு கணிப்பொறி ஏற்பாடுதான். கூகிள் கம்பெனி 2014-ல் வெளியிட்ட குபர்னெட்டிஸ் அதில் பெயர் பெற்றது. எந்த யந்திரத்தில் எவ்வளவு சக்தி மிச்சம் என்று பார்த்து அது வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு யந்திரத்திடமிருந்து தகவல் நின்றுபோனால், சாதாரணமாகச் சுமார் 5 நிமிடம் பொறுத்து, அதன் வேலையை வேறு யந்திரத்துக்கு மாற்றுகிறது.

ஆயிரம் யந்திரங்கள் ஒரே கூடத்தில் இருந்தால் இது நல்ல விதி. தூரத்து ஆலையில் இருப்பதோ ஒரே யந்திரம். அது சாகவில்லை, கம்பிதான் அறுந்தது. அதன் வேலையை எங்கே மாற்றுவது? தலைமடையில் இருப்பவன் கடைமடை வயலைப் பார்க்காமலே தண்ணீரைத் திருப்பியது போலத்தான்!

பரிகாரம் இல்லையா? உண்டு. உத்தரவின் பிரதியை அந்தந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, தொடர்பு அறுந்தாலும் வேலையை நடத்தும் குப்எட்ஜ் போன்ற ஏற்பாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் சிக்-பில்-ஏ உணவு விடுதிகள் 2018-லேயே கடைக்கு 3 சிறு கணிப்பொறிகள் வைத்தன. ஒன்று கெட்டால் மற்றவை சுமக்கும். வெளித்தொடர்பு போனாலும் கடை நடக்கும்.

பின் ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? செலவு! ஊருக்கு ஊர் உபரி யந்திரம் வாங்க வேண்டும். பழுது பார்க்க ஆள் வேண்டும். கேந்திரத்தில் குவித்தால் மலிவு. அந்த மிச்சம் முதலாளிக்கு. நின்றுபோன நேரம் யார் தலையில்?

நாம் கேட்பது இதுதான். தூரத்திலிருந்து உத்தரவு வரும் ஆலையில் உள்ளூரிலேயே மாற்று யந்திரம் வேண்டும். தொடர்பு அறுந்த நேரத்தில் வேலையைப் பங்கிடும் அதிகாரம் அங்குள்ள தொழிலாளிகளுக்கு வேண்டும். கேந்திரத்தின் கோளாறால் நின்ற நேரத்துக்குக் கூலியை வெட்டக் கூடாது. புது யந்திரம் வாசலில் இறங்கும்போதே இவற்றை ஒப்பந்தத்தில் எழுத வைப்போம்!