ஆக்ஸிஜனுக்கும் அளவு வேண்டும்

குறைமாதக் குழந்தையின் காலில் கட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 100 காட்டினால் பெற்றோருக்கு நிம்மதி. ஆனால், மூக்குக் குழாய் வழியே ஆக்ஸிஜன் பெறும் குழந்தைக்கு அது நல்ல எண் அல்ல. ஹீமோகுளோபின் முழுதும் நிரம்பிய பிறகு ரத்தத்தில் இன்னும் எவ்வளவு ஆக்ஸிஜன் ஏறுகிறது என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. மிகையான ஆக்ஸிஜன், முழுதாக வளராத விழித்திரையின் ரத்தக் குழாய்களை முடக்குகிறது. பிறகு அங்கே தாறுமாறாக முளைக்கும் புதுக் குழாய்கள் விழித்திரையையே பிரித்துவிடக்கூடும்.

1951-லேயே ஆஸ்திரேலிய மருத்துவர் கேட் கேம்ப்பெல் இதைச் சுட்டிக்காட்டினார். ஆனால், கண் பாதிப்புக்குப் பயந்துபோய் ஆக்ஸிஜனைக் குறைத்த காலத்தில் உயிர்கள் போயின. அமெரிக்காவில் 2010-ல் வெளியான ‘சப்போர்ட்’ ஆய்விலும், ரத்த ஆக்ஸிஜன் செறிவை 85-89 சதவீதத்தில் வைத்த குழந்தைகளிடம் கண் பாதிப்பு குறைந்தது, இறப்பு கூடியது. எனவேதான் இன்று 90-95 என்ற குறுகிய எல்லை பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

இந்த எல்லைக்குள் நிறுத்தக் கருவி வேண்டும். சிலிண்டரிலிருந்து வருவது ஏறக்குறைய தூய ஆக்ஸிஜன். அதைக் காற்றோடு கலக்கும் பிளெண்டர் இல்லாத வார்டில், செவிலியர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சரியான அளவைக் கொடுப்பது கடினம். சிலிண்டர் வாங்கும்போதே பிளெண்டரும் வாங்காத நிர்வாகத்தைத்தான் நான் குறை சொல்வேன்.

அழுத்தத்தோடு காற்று செலுத்தும் சிபாப் சிகிச்சையில் வேறு தொல்லைகளும் உண்டு. வயிறு உப்பும், அரிதாக நுரையீரலிலிருந்து காற்று கசியும். இரு நாசிகளுக்கும் நடுவே உள்ள மெல்லிய தோலில் குழாய் அழுத்தினால் முதலில் சிவக்கும், பிறகு புண்ணாகும், கவனிக்காவிட்டால் அழுகி மூக்கின் வடிவமே கெடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயை விலக்கிப் பார்த்தால் போதும், பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஒரு செவிலியரிடம் பல குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு இதை எப்படி எதிர்பார்ப்பது?

மீண்டும் கண்ணுக்கு வருவோம். சென்னை அரசு மருத்துவமனையொன்றில் 1996-ல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யாமல் வீட்டுக்கு அனுப்பினர். குழந்தை பார்வை இழந்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. இந்தத் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தருவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். பெற்றோரே, சீட்டில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.