ரப்பர் படகா, அலுமினியப் படகா?

போன ஞாயிறு எங்கள் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மீட்டிங்கில் படகு வாங்குவது பற்றி ஒரே அமளி. சிரிக்காதீர்கள். நாங்கள் இருப்பது ஆலுவாவில், பெரியாற்றங்கரையில். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கீழ்த்தளம் மூழ்கி, மாடியில் இரண்டு நாள் காத்துக் கிடந்தோம். கடற்கரையிலிருந்து மீனவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த ஃபைபர் படகில்தான் வெளியே வந்தோம். ஆகவே ஒரு சின்னப் படகும் 2.5 குதிரைசக்தி அவுட்போர்டு மோட்டாரும் வாங்குவது என்பதில் எல்லோருக்கும் சம்மதம். சண்டை எந்தப் படகு என்பதில்தான்.

செக்ரட்டரிக்கு ரப்பர் படகு மேல் ஆசை. "சாரே, மடக்கி ஸ்டோர் ரூமில் வெக்காம்" என்கிறார். விலையும் குறைவு. காற்றறைகள் தனித்தனி என்பதால் ஒன்று கிழிந்தாலும் மற்றது மிதக்கும், சட்டென்று கவிழாது. எல்லாம் சரிதான். ஆனால் வெள்ளத்தில் அது போகப்போவது ஏரியில் அல்ல. கண்ணாடிச் சில் பதித்த காம்பவுண்டு சுவர், கேட்டின் ஈட்டி முனை, முள்கம்பி, எல்லாம் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். தவிர, இந்த ஊர்ப் புழுக்கத்தில் சுருட்டியே கிடந்தால் ஒட்டுப் பசை விட்டுப்போகும். அது தெரியவருவது தேவைப்படும் அன்றைக்குத்தான்.

இன்னொன்று, ஏறும் உயரம். அதே வெள்ளத்தில் மலப்புறத்தில் ஒரு மீனவர் தண்ணீரில் மண்டியிட்டு, தன் முதுகைப் படியாக்கிப் பெண்களை ரப்பர் படகில் ஏற்றிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அவர் மனசைப் பார்த்து நெகிழ்ந்தோம். நான் கூடவே அந்தப் படகின் விளிம்பையும் பார்த்தேன்.

என் கட்சி 12 அடி அலுமினியப் படகு. தட்டையான அடி. இடித்தால் நசுங்கும், சுலபத்தில் ஓட்டையாகாது. நாலு பேர் தூக்கலாம், பார்க்கிங்கில் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலி மாட்டிவிடலாம். இருக்கைக்கு அடியில் ஃபோம் அடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் புகுந்ததும் பாத்திரம் மாதிரி முழுகிவிடும்.

எட்டு குதிரைசக்தி மோட்டார் போடலாம் என்றார் ஒருவர். இந்த மாதிரிப் படகில் தண்ணீரில் படும் நீளம் 10 அடி என்றால், சாதாரணமாக மணிக்கு 8 கிலோமீட்டருக்குள்தான் ஓடும். படகு நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு அதற்கு மேல் போக நினைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், பெட்ரோல்தான் கரையும். 2.5 மோட்டார் சுமார் 13 கிலோ, ஒரு கையில் எடுத்துப் போகலாம். 15 அங்குலத் தண்டு போதும். 20 அங்குலம் என்றால் சந்தில் மூழ்கிக் கிடக்கும் சுவரில் எல்லாம் தட்டும்.

ஆற்றின் இழுப்பை இந்த மோட்டாரால் எதிர்க்க முடியாது. தேங்கிய தெருவில் மட்டும்தான். அங்கேயும் கொடிக்கயிறோ வேட்டியோ விசிறியில் சுற்றினால் நின்றுவிடும். அப்போது துடுப்பு போட்டால் போகிற படகாக இருக்க வேண்டும். நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். ரப்பர் படகைக் காற்றுக்கு எதிரே துடுப்பு போட்டுப் பாருங்கள், தெரியும்.

மோட்டாரை மாதம் ஒருமுறை ஓடவிடவும் ஆள் வேண்டும். வங்கியில் இரண்டு வருடம் அசையாத கணக்கை இன்ஆபரேடிவ் என்போம். கார்புரேட்டருக்கு இரண்டு மாதமே அதிகம். 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி மோட்டார் படகைப் பதிவும் செய்ய வேண்டும். அந்த ஃபைல் என் தலையில்தான்.

பி பிளாக் அம்மச்சிக்கு இப்போது 84 வயது. அன்று நாற்காலியோடு தூக்கித்தான் இறக்கினோம். சின்னப் படகில் நாற்காலி கூடாது, ஆடும். தரையில் மெத்தை போட்டு உட்கார வைக்க வேண்டும். கொட்டேஷன் கேட்ட கடைக்காரரிடம், இரண்டு இருக்கைப் பலகைக்கும் நடுவே எத்தனை அடி இடம் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.