முகாமில் பிறந்தவர்களுக்கு எந்த நாடு? – குடியுரிமை குறித்து ஒரு நிலைப்பாடு

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் குள்ளஞ்சாவடியை ஒட்டி இருக்கிறது அம்பலவாணன்பேட்டை. அங்குள்ள குடியிருப்புக்கு அரசுப் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில்தான் இந்தப் பெயரை வைத்தது. சுற்றுவட்டாரத்தின் வாயில் இன்னும் ‘அகதி முகாம்’ என்றுதான் வருகிறது. இத்தகைய முகாம்களின் இளைய தலைமுறைக்கு இலங்கை என்பது பெற்றோர் சொல்லக் கேட்ட ஊர். படித்தது தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில். பெயிண்ட் அடிக்கவும் கொத்து வேலைக்கும் போவது பக்கத்து ஊர்களுக்கு. தேர்தல் நாளில் மட்டும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், ஓட்டு இல்லை.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் தொழிற்சங்கத்தினரும் கூடிப் பேசும் இம்மன்றம், இவர்கள் விஷயத்தில் தன் நிலைப்பாட்டைப் பொதுவில் வைக்கிறது. பதிவு பெற்ற இலங்கைத் தமிழரில் விரும்புகிற அனைவருக்கும் இந்தியக் குடியுரிமை பெறச் சட்டப்படியான வழி வேண்டும். அந்த வழியில் மதம் அளவுகோலாக இருக்கக் கூடாது. ‘இவர்களின் விசுவாசம் எந்த நாட்டுக்கு?’ என்ற கேள்வியைக் கதவடைக்கும் காரணமாக வைக்கக் கூடாது.

தமிழ்நாடு அரசு 2021-ல் சொன்ன கணக்கின்படி முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் 34,087 பேர். இரண்டையும் கூட்டினாலும் ஒரு லட்சத்தைத் தொடாது. இவர்களில் பெரும்பாலோர், அல்லது இவர்களின் பெற்றோர், 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகக் கடல் தாண்டி வந்தவர்கள்.

சட்டம் இவர்களை நடத்தும் விதம் விசித்திரமானது. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னொரு பூட்டும் சேர்ந்தது: மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. ஒரே முகாமில், ஒரே கூரைக்குக் கீழே, 1986-ல் பிறந்த அக்கா இந்தியக் குடிமகள். 1988-ல் பிறந்த தம்பி அந்நியன். இது கற்பனைக் கணக்கு அல்ல. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், 2022-ல் நீதிமன்ற உத்தரவு பெற்று, பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்திருந்தால் அந்த வழக்கே நின்றிருக்காது.

பிறப்பால் கிடைக்காதவர்கள் விண்ணப்பித்துப் பெறலாமே என்று கேட்கலாம். விண்ணப்பிப்பதற்கு மொத்தம் 12 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். முகாம் மக்களில் பலர் அதைப்போல மூன்று மடங்கு காலத்தை இங்கே கழித்துவிட்டார்கள். ஆனால் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், உரிய ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்த எவரும் விண்ணப்பிக்கவே தகுதியற்றவர் என்று ஆக்கிவிட்டது. குண்டு விழும் ஊரிலிருந்து படகேறியவர்களில் எத்தனை பேர் விசா முத்திரையோடு வந்திருக்க முடியும்? 2019 திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு அந்தத் தடையை நீக்கியது. இலங்கையின் பெயரே அதில் இல்லை. அதற்காக, ‘இலங்கை இந்துக்களையும் சேருங்கள்’ என்று கேட்பதையும் இம்மன்றம் ஏற்கவில்லை. முகாம்களில் சைவரும் இருக்கிறார்கள், கிறிஸ்தவரும் இருக்கிறார்கள். அடுத்தடுத்த குடிசைகளில் இருப்பவர்களை மதம் பார்த்துப் பிரிக்கும் சட்டம் யாருக்கும் வேண்டாம்.

இனி விசுவாசக் கேள்விக்கு வரலாம். அது காற்றில் முளைத்த கேள்வி அல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, அதுவரை சோறு போட்ட தமிழ்நாடே முகாம்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. காவல்துறையின் கியூ பிரிவுக் கண்காணிப்பு இறுகியது, கல்லூரிச் சேர்க்கை நிறுத்தப்பட்டது, 1992 தொடக்கத்திலிருந்து கப்பல்களில் திருப்பி அனுப்பும் படலம் நடந்தது. ஆனால் கொலை வழக்கின் போக்கைப் பாருங்கள். தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. உச்ச நீதிமன்றம் 1999 மே மாதம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களிலேயே குற்றம் யாருடையது, யாருடையது இல்லை என்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. கூண்டுப் பக்கமே போகாத முகாம் மக்களுக்கு அந்தப் பிரித்துப் பார்த்தல் கிடைக்கவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டுக் காத்திருந்த பிள்ளைகள் தண்டனை அனுபவித்தார்கள்.

மலையகத் தமிழர் கதை இன்னும் கசப்பானது. கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்தவர்களின் குடியுரிமையை இலங்கையின் 1948 சட்டம் பறித்தது. அவர்கள் மனம் இந்தியாவில்தான் இருக்கிறது என்பது அப்போது சொல்லப்பட்ட நியாயம். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியும் 1974-ல் பாதிக்குப் பாதி பிரிக்கப்பட்டது. ஒப்பந்தப்படி வந்து நீலகிரியில் குடியேறியவர்களை இங்குள்ளவர்கள் ‘சிலோன்காரன்’ என்றார்கள். இலங்கையிலேயே தங்கி, கலவரங்களுக்குப் பயந்து தோட்டத்தை விட்டு வவுனியா பக்கம் போய், அங்கும் போர் துரத்தியதால் ராமேசுவரம் கரையேறியவர்கள் இன்று முகாம்களில் இருக்கிறார்கள். கொழும்புக்கு இவர்கள் இந்திய விசுவாசிகள், டெல்லிக்கு இலங்கை நாட்டவர். மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஜூனில், இந்திய வம்சாவளியினரான 65 மனுதாரர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னார். இந்தியா கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பாக்கி இது. இவர்கள் வரிசையின் முன்னால் நிற்க வேண்டியவர்கள்.

விசுவாசத்தைச் சந்தேகிக்கும் இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் மீதும் இதே சந்தேகம் நூறாண்டாகத் தொடர்கிறது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் மெக்சிகோவுக்கு ரயிலேற்றப்பட்டவர்களில் கணிசமானோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். 2004-ல் ஹார்வர்டு பேராசிரியர் சாமுவேல் ஹண்டிங்டன், மெக்சிகோவிலிருந்து வரும் பெருங்குடியேற்றம் அமெரிக்க அடையாளத்தையே பிளக்கும் என்று புத்தகம் எழுதினார். 2006 ஊர்வலங்களில் மெக்சிகோ கொடி தெரிந்ததும் பெரும் கூச்சல். நம் வாதத்துக்கு உதவுவது 1994-ல் நடந்தது. ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பள்ளியும் மருத்துவமும் மறுக்கும் 187-ஆம் முன்மொழிவை கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றினார்கள். நீதிமன்றம் அதை முடக்கியது. அந்த ஆண்டுகளில், சட்டப்படி தங்கியிருந்த மெக்சிகர்கள் கூட்டம் கூட்டமாகக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து வாக்காளர் ஆனார்கள். சந்தேகத்துக்கு அவர்கள் விண்ணப்பப் படிவத்தால் பதில் சொன்னார்கள். அங்கே அந்தப் படிவம் இருந்தது.

கடல் கடந்து போனவர்களின் இந்த நிலை சிதம்பரத்துக்காரர்களுக்குப் புரியாத விஷயமாக இருக்க முடியாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-ல் நிறுவிய ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் குடும்பம் பர்மா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித்தொழில் செய்த குடும்பம். அந்தப் பர்மாவில் நகரத்தாரும் கூலித் தமிழரும் எந்த மண்ணுக்குச் சொந்தம் என்ற கேள்வியை எதிர்கொண்டு, 1960-களில் வெறுங்கையோடு திரும்பினார்கள். பரங்கிப்பேட்டை மரைக்காயர்களின் உறவு மலேசியா, சிங்கப்பூர் வரை நீள்கிறது. கடலூரோ வெளியார் வந்து இறங்கிப் பழகிய துறைமுகம். கிளைவ் ஆட்சி செய்த புனித டேவிட் கோட்டை அங்கேதான். அவரிடம் யாரும் விசுவாசச் சான்றிதழ் கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழரே விசுவாசமற்றவர் என்று குற்றம் சாட்டப்பட்ட காலமும் இருந்தது. பிரிவினைக் கோரிக்கையை மனதில் வைத்து 1963-ல் வந்த 16-ஆவது அரசமைப்புத் திருத்தம், தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. 1965 ஜனவரி 27 அன்று, அண்ணாமலை நகரில் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளம்பிய மாணவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ராஜேந்திரன் இறந்தார். அந்த மாணவர்களைத் தேசவிரோதிகள் என்றவர்கள் அன்று நிறையப் பேர். இரண்டு ஆண்டு கழித்து, 1967-ல், அந்தக் கோபம் வாக்குச்சாவடிக்குப் போய் ஆட்சியை மாற்றியது. பிரிவினை பேசிய கட்சியான தி.மு.க. இந்திய அரசமைப்பின் பேரில் பதவியேற்றது. ஓட்டு கையில் இருந்ததால்தான் அது நடந்தது.

ஆகவே இம்மன்றத்தின் வாதம் இது: விசுவாசத்தை முதலில் நிரூபித்துவிட்டு அப்புறம் குடியுரிமை கேள் என்பது தலைகீழ் வரிசை. குடியுரிமைச் சட்டமே அப்படிச் சொல்லவில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டவர் அரசமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்று எடுக்க வேண்டிய உறுதிமொழியை அது இரண்டாம் அட்டவணையில் வைத்திருக்கிறது. விசுவாசத்துக்குச் சட்டம் ஒதுக்கிய இடம் அதுதான். அந்த மேசை வரைக்கும் போகவே முடியாதவரிடம் உறுதிமொழி எங்கே என்று கேட்பது நியாயம் அல்ல. யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மாவை நினைத்து அழுவது இந்தியாவுக்கு எதிரான செயலும் அல்ல.

எதிர்வாதங்களில் ஒன்று கனமானது. இங்கே குடியுரிமை கொடுத்தால் இலங்கையில் தமிழர் எண்ணிக்கையும் அரசியல் பலமும் குறையும் என்கிறார்கள். ஈழத் தலைவர்கள் சிலரே கவலையோடு சொல்வது இது. பதில், யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பதுதான். திரும்ப விரும்புகிறவருக்குப் பயண ஆவணமும் அங்கே காணியும் கிடைக்க இரு அரசுகளும் ஏற்பாடு செய்யட்டும். ஆனால் மக்கள்தொகைக் கணக்குக்காக ஒரு தலைமுறையை முகாமில் வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பது இன்னொரு வாதம். உண்மைதான், அகதிச் சலுகை பற்றிய பேச்சுக்கு அது பொருந்தும். இது குடியுரிமைச் சட்டம் பற்றிய பேச்சு.

அளவுகோல் நம் பக்கமும் திரும்ப வேண்டும். கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் வரும் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி டீக்கடையில் பேசுவதைக் கேட்டால், 1991-ல் முகாம்களைப் பற்றிப் பேசிய தொனி அப்படியே இருக்கிறது. அவர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவியபோது தமிழ்நாடு அரசு பதறிப்போய் மறுத்தது, சரி. அந்தப் பொய்யைப் பலர் நம்பும் அளவுக்கு இங்கே என்ன பேசப்படுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். இத்தனைக்கும் அந்தத் தொழிலாளர்கள் இந்தியக் குடிமக்கள்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர் மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என்று ஆணையிட்டது. வரவேற்க வேண்டியது, ஆனால் பாதி வழிதான். அதே தேதிக்கு முன் பதிவானவர்கள் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறைக்குள் வர மாட்டார்கள் என்று சட்டத்திருத்தம் மூலம் சொல்லிவிட்டால் விண்ணப்பக் கதவு திறந்துவிடும். கடலூர், சிதம்பரம் மக்களவை உறுப்பினர்கள் இதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும் என்று இம்மன்றம் கோருகிறது. கட்சிகளின் சாக்குகளில் இம்மன்றத்துக்கு ஆர்வம் இல்லை: 2019 குடியுரிமைத் திருத்தத்துக்கு மாநிலங்களவையில் கைதூக்கிய அ.தி.மு.க.வும், 2021-ல் அதை எதிர்த்துச் சட்டமன்றத் தீர்மானம் போட்ட தி.மு.க.வும் முகாமில் பிறந்த ஒருவருக்குக்கூட இதுவரை அதனால் ஓட்டு வாங்கித் தரவில்லை.

டெல்லிக்காகக் காத்திருக்காமல் மாவட்டத்திலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்குக்கூடப் பிறப்புச் சான்று இல்லாமல், அல்லது பெயர் எழுத்து மாறிப்போய், உரிமை கோர முடியாத நிலை வரக்கூடும். மலையக வம்சாவளியினருக்குப் பாட்டன் பூட்டனின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டும் தோட்டப் பதிவும்தான் ஆதாரம். மாவட்ட ஆட்சியர் ஒவ்வொரு முகாமிலும் ஆவணச் சிறப்பு முகாம் நடத்தி, பழைய மருத்துவமனைப் பதிவேடுகளையும் வருவாய்த் துறைப் பதிவுகளையும் சரிபார்த்துச் சான்றுகளை வழங்க வேண்டும். மனு எழுதவும் படிவம் நிரப்பவும் வழக்கு வேண்டியிருந்தால் நடத்தவும் இம்மன்றத்து வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வருவார்கள். முதல் சிறப்பு முகாமை அம்பலவாணன்பேட்டையில் நடத்தக் கோரும் மனு ஆட்சியர் அலுவலகத்துக்குத் தரப்படுகிறது.