எனக்கும் ஒரு காது கொடேன்!



இந்தத் தடவை சமையல் குறிப்பும் இல்லை, கை வைத்தியமும் இல்லை. பாட்டு கேட்கிற விஷயம். அதுவும் நம் பாட்டு இல்லை. ஜாஸ் என்கிற அமெரிக்க சங்கீதம். "இவளுக்கு என்ன வந்தது?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பெற்ற பிள்ளையோடு மூன்று மாதம் பேச்சு இல்லாமல் தவித்தவள் நான். அந்தத் தவிப்பு எப்படித் தீர்ந்தது என்றுதான் சொல்லப் போகிறேன்.

என் மூத்தவன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். இரண்டு பேப்பரில் போய்விட்டது. எங்களிடம் சொல்லாமல் மறைத்துவிட்டான். விஷயம் தெரிந்த அன்று இவர் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டார். நானும் சும்மா இருந்தேனா? "உன்னை நம்பி நகையை வைச்சேனே" என்று என் பங்குக்கு அழுதேன். அன்றிலிருந்து அவன் அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம். சாப்பாட்டுத் தட்டை உள்ளே எடுத்துப் போய்விடுவான். காதில் எப்போதும் இயர்போன். ராத்திரி இரண்டு மணிக்கும் விளக்கு எரியும். அடுத்த அறையில் படுத்துக்கொண்டு நான் எத்தனை நாள் கண்ணை மூடாமல் பயந்து கிடந்தேன் என்பது சுவாமிக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் காபி கொண்டு போனேன். நான் வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. "காது செவிடாப் போயிடும்டா" என்று வாய் வரை வந்துவிட்டது. ஏனோ அன்றைக்கு அடக்கிக்கொண்டேன். கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னடா கேட்கறே? எனக்கும் ஒரு காது கொடேன்" என்றேன்.

திட்டப் போகிறாள் என்று நினைத்தவன் திகைத்துப் போய் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான்.

பியானோ ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வாசிக்க, அதன் மேல் சாக்ஸஃபோன் குழைந்துகொண்டு போயிற்று. சின்ன வயதில் நான் நாலு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டவள். கை தானாகத் தொடையில் தட்ட ஆரம்பித்தது. நாலு என்று தட்டினால் நிற்கவில்லை. மறுபடி தட்டினேன். "டேய், இது அஞ்சு எண்ணிக்கைடா! நம்ம கண்ட சாபு மாதிரி. ஆனா அது தக தகிட, இது திருப்பிப் போட்டு, தகிட தக" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது? இந்தப் பாட்டுக்குப் பேரே 'டேக் ஃபைவ்'!"

அப்புறம் இருபது நிமிஷம் நிறுத்தாமல் பேசினான். டேவ் புரூபெக் என்கிற பியானோக்காரரின் குழு 1959-இல் பதிவு செய்தது. இயற்றியவர் சாக்ஸஃபோன் வாசித்த பால் டெஸ்மாண்ட். 1977-இல் அவர் காலமானபோது, இந்தப் பாட்டிலிருந்து தமக்கு வரும் பங்குத் தொகை அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சேர வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தாராம். இந்தக் குழு 1958-இல் நம் சென்னைக்கே வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறது! காபி ஆறிப்போனது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் தெரிந்தது. சனிக்கிழமைகளில் இவன் எங்கேயோ போய்விட்டு வருவான். கெட்ட சகவாசமோ என்று நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த தெருவில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பழைய இசைத்தட்டுகள் அலமாரி நிறைய உண்டாம். அங்கே ஐந்தாறு பிள்ளைகள் கூடி, ஆளுக்கு ஒரு பாட்டு கொண்டு வந்து போட்டுக் கேட்டு, அதைப் பற்றிப் பேசுவார்களாம். இவ்வளவுதான் அந்தக் 'கெட்ட சகவாசம்'!

"அடுத்த தடவை நம்ம வீட்டுக்கு வரச் சொல்லேன். பஜ்ஜி போட்டுத் தரேன்" என்றேன். இவர் முகத்தைச் சுளித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வந்தார்கள். பெரியவரும் வந்தார். அவர்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பாட்டு முடிகிற வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்த பிறகு, 'நல்லா இருக்கு, நல்லா இல்லை' என்று மட்டும் சொல்லக் கூடாது. என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் ஜப்பானிலிருந்து வந்தது என்றார் பெரியவர். அந்தக் காலத்தில் அங்கே வெளிநாட்டு இசைத்தட்டு ஆனை விலை, குதிரை விலை. அதனால் ஜாஸ் காபிக் கடைகள் வந்தன. யோகஹாமா நகரில் சிகுசா என்ற கடை 1933-லேயே திறந்தார்கள். ஒரு காபி வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கலாம். சில கடைகளில் பேசவே கூடாது என்று கண்டிப்பு.

பஜ்ஜித் தட்டோடு நின்ற என்னிடம், "நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன கேட்டுது?" என்றார் பெரியவர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் தோன்றியதைச் சொன்னேன். "ஒருத்தர் பேசும்போது மத்தவங்க குறுக்கே பேசலை. ஆனா சும்மாவும் இல்லை. கதை கேட்கிற குழந்தை மாதிரி 'ம்' கொட்டிண்டே இருக்காங்க."

பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். ஜாஸின் உயிரே அதுதானாம்.

கடைசியில் என் பிள்ளையின் முறை. மைல்ஸ் டேவிஸ் என்ற டிரம்பெட் மேதையின் 'சோ வாட்' என்ற பாட்டைப் போட்டான். அதுவும் 1959-இல் பதிவானது. முடிந்ததும் ஒரு கதை சொன்னான். அறுபதுகளில் மைல்ஸ் கச்சேரி ஒன்று. ஹெர்பி ஹான்காக் என்ற இளைஞர் பியானோ. இதே பாட்டு நடுவில், மைல்ஸ் தனியாக வாசித்துக்கொண்டிருந்தபோது, ஹெர்பி தப்பான சுரக்கட்டு ஒன்றை அழுத்திவிட்டார். 'கச்சேரியே போச்சு' என்று அவருக்கு உயிரே போய்விட்டது. மைல்ஸ் திரும்பி முறைக்கவில்லை. ஒரு கணம் நிறுத்தி, அந்தத் தப்புக்குப் பொருந்துகிற மாதிரி சில சுரங்களை ஊதினார். தப்பு சரியாகிவிட்டது! இதை ஹெர்பியே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

"மைல்ஸ் அதைத் தப்புன்னே எடுத்துக்கலை. நடந்துபோச்சு, இனி இதை வச்சு என்ன பண்ணலாம்னு பார்த்தார்" என்று முடித்தான். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். கதவருகில் இவர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, "அந்த ரெண்டு பேப்பர்லே எதுடா கஷ்டம்? ட்யூஷன் வேணுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். மன்னிப்பு, சமாதானம் என்று பெரிய பேச்சு எதுவும் இல்லை. ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே அவன் பதில் சொன்னான். நான் நெய் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முழுதும் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு பேப்பர் பாஸ், இன்னொன்று பாக்கி. ஆனால் இப்போது தட்டு அறைக்குள் போவதில்லை.

இளம் தாய்மார்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள்:

பிள்ளைகள் கேட்பது ஜாஸோ, சினிமாப் பாட்டோ, வேறு எதுவோ, "என்ன சத்தம் இது?" என்று கேட்காமல், "என்ன கேட்கறே?" என்று கேளுங்கள். ஒரு பாட்டு முழுதும் கூட உட்காருங்கள். புரியாவிட்டால் பரவாயில்லை, காதில் விழுந்ததைச் சொல்லுங்கள்.

இயர்போனில் சத்தத்தை முழு அளவில் பாதிக்குச் சற்று மேல், அறுபது சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது காதுக்கு நல்லது. நடுநடுவே கழற்றிக் காதுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் கூடத்தில் ஸ்பீக்கரில், மிதமாக, எல்லோருமாகக் கேளுங்கள்.

பிள்ளை ஒரு தப்பு சுரம் வாசித்துவிட்டால், முறைப்பதற்கு முன் ஒரு கணம் நிறுத்துங்கள். அடுத்து நாம் வாசிக்கிற சுரத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

இதோ, சனிக்கிழமைப் பட்டாளம் வருகிற நேரம். வாழைக்காய் சீவ வேண்டும். வரட்டுமா?