கார் விழும் என்று காத்திருப்போருக்கு ஒரு கணக்கு



கடந்த தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு பெரிய புடவைக் கடையின் வாசலில் புத்தம் புதிய வெள்ளைக் கார் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் சிவப்பு ரிபன், மேலே மின்விளக்கு மாலை. இரண்டாயிரம் ரூபாவுக்கு உடுப்பு எடுத்தால் ஒரு கூப்பன். தைப்பொங்கல் வாரத்தில் குலுக்கல். முதற் பரிசு அந்தக் கார்.

அந்தக் கடையில் துணி விரித்துக் காட்டுபவர்களிலும், பொதி தூக்குபவர்களிலும் பலர் எங்கள் பிள்ளைகள். நுவரெலியா, பதுளை மாவட்டத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். காலை எட்டரைக்குக் கடை திறப்பதும் இவர்கள்தான், இரவு ஒன்பதுக்குப் பூட்டுவதும் இவர்கள்தான். படுக்கை கடையின் மேல்மாடியில், துணி மூட்டைகளுக்கு நடுவில். சங்க அங்கத்தவர் ஒருவரின் மகன் அங்கே இருக்கிறான் என்பதால் அவனைப் பார்க்கப் போனேன்.

“இந்தத் தீபாவளிக்குப் போனஸ் குடுத்தாங்களா தம்பி?” என்று கேட்டேன்.

“போன வருஷம் அரை மாசச் சம்பளம் குடுத்தாங்க அண்ணே. இந்த வருஷம் ஆளுக்குப் பத்துக் கூப்பன்” என்றான். சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்துக் காட்டினான். கசங்காமல் வைத்திருந்தான். “விழுந்தா காரை வித்துட்டு ஊருல வீடு கட்டிருவேன்.”

“விழாட்டி?”

“யாருக்கோ ஒருத்தருக்கு விழத்தானே போகுது? அது ஏன் எனக்கா இருக்கக்கூடாது?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அது அந்தப் பையனின் கேள்வி மட்டுமில்லை. ஹட்டன் பஸ் நிலையத்திலும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலும் லொத்தர் தட்டுக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொருவரின் மனதிலும் உள்ள கேள்வி. அதைக் கேலி செய்து பயனில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பத்துக் கூப்பனின் பெறுமதி என்ன?

பையனிடமிருந்த கூப்பன்களின் தொடர் இலக்கத்தைப் பார்த்தேன். அது ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. சரியாக ஒரு இலட்சம் கூப்பன் என்றே வைத்துக்கொள்வோம். அவன் கையில் பத்து. கார் விழ உள்ள வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று.

பத்தாயிரத்தில் ஒன்று என்றால் எப்படிப்பட்டது? கொழுந்து எடுக்கும் எங்கள் பெண்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். ஒரு சாக்கில் பத்தாயிரம் கொழுந்தைக் கொட்டுங்கள். அதில் ஒரே ஒரு கொழுந்தின் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். நன்றாகக் கிளறிவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு தடவை கையை விட்டு ஒரு கொழுந்தை எடுங்கள். நூல் கட்டிய கொழுந்து வந்தால் கார் உங்களுக்கு. வராவிட்டால் அரை மாதச் சம்பளம் முதலாளிக்கு.

காரின் விலை அறுபது இலட்சம் என்று கொள்வோம். ஒரு இலட்சம் கூப்பனுக்குப் பிரித்தால் கூப்பன் ஒன்றின் பெறுமதி அறுபது ரூபா. பத்துக் கூப்பனுக்கு அறுநூறு ரூபா. 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதில் அரை மாதம் 15,000. பதினையாயிரம் கொடுக்கவேண்டிய கை அறுநூறைக் கொடுத்தது. வாங்கிய பிள்ளையோ நன்றி சொன்னான்.

காரை வாங்கியது யாருடைய காசு? இரண்டாயிரம் ரூபாவுக்குத் துணி எடுத்த ஒவ்வொருவரிடமிருந்தும் அறுபது ரூபா. நூற்றுக்கு மூன்று வீதக் கழிவு கொடுத்திருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு மிச்சம் கிடைத்திருக்கும். ஆனால் மூன்று வீதக் கழிவைப் பார்க்க யாரும் வாசலில் கூட்டம் கூடமாட்டார்கள். ஒரு இலட்சம் அறுபது ரூபாவை ஒன்றாகச் சேர்த்து, நான்கு சக்கரம் பூட்டி, ரிபன் கட்டி நிறுத்தினால் ஊரே வந்து பார்க்கும். முதலாளியின் பணம் அதில் ஒரு சதமும் இல்லை.

கூப்பனின் பின்பக்கம்

பையனிடம் விடைபெறும்போது ஒரு கூப்பனைத் திருப்பிப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும், நிபந்தனைகள் அச்சிட்டிருந்தார்கள். ஐந்தாவது நிபந்தனை: நிறுவனத்தின் ஊழியர்களும் அவர்களது குடும்பத்தினரும் இப்போட்டியில் பங்குபற்ற முடியாது.

பத்தாயிரத்தில் ஒன்று என்று நான் போட்ட கணக்கு பிழை. அவனுக்கிருந்த வாய்ப்புப் பூச்சியம். நூல் கட்டிய கொழுந்து அந்தச் சாக்கிலேயே இல்லை. போனஸுக்குப் பதிலாகக் கொடுத்தது பெறுமதியில்லாத பத்துக் கடதாசி.

நான் வாசித்துச் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. “அப்ப ஏண்ணே குடுத்தாங்க?” என்றான்.

தெரிந்தே கொடுத்தார்களா, தெரியாமல் கொடுத்தார்களா என்று நான் வழக்காடப் போவதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்க்கவேண்டிய தேவை அந்தக் கடையில் யாருக்கும் தோன்றவில்லை. அது போதும்.

அரசாங்கத்தின் கூப்பன்

கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன? தேசிய லொத்தர் சபை 1963இன் நிதிச் சட்டத்தின்கீழ் வந்தது. அபிவிருத்தி லொத்தர் சபை 1997இல் தனிச் சட்டத்தால் வந்தது. இரண்டும் அரசாங்கத்தினுடையவை. நாள் தவறாமல் சீட்டிழுப்பு.

மஹஜன சம்பத சீட்டை எடுத்துக்கொள்வோம். ஆறு இலக்கம், ஓர் ஆங்கில எழுத்து. ஆறு இலக்கம் பத்து இலட்சம் விதமாக வரலாம். அதை 26 எழுத்தால் பெருக்கினால் இரண்டு கோடியே அறுபது இலட்சம். அத்தனையிலும் ஒன்று பெரிய பரிசுக்கு.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து, எமது மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைவானதை நினைவுகூர்ந்தோம். 1823இல் வந்து இறங்கிய ஒருவர் அன்றைக்கே ஒரு சீட்டு வாங்கினார், அவருக்குப் பின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று ஒரு நாளும் விடாமல் 200 வருடம் நாளுக்கொரு சீட்டு வாங்கினார்கள் என்று வைப்போம். மொத்தம் 73,000 சீட்டு. இன்றுவரை அந்தக் குடும்பத்துக்குப் பெரிய பரிசு விழுந்திருக்கக்கூடிய வாய்ப்பு 356இல் ஒன்று. கோப்பிக் காலத்திலிருந்து தேயிலைக் காலம் வரை ஏழு எட்டுத் தலைமுறை காத்திருந்தாலும், 355 குடும்பம் வெறுங்கையோடுதான் நிற்கும்.

சீட்டு விலை 2023 ஜூலையில் ஒரே நாளில் 20 ரூபாவிலிருந்து 40 ரூபாவாகியது. சம்பளச் சபை கூடவில்லை. கம்பனிகள் வழக்குப் போடவில்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமோ 2021இல் 1,000 ரூபாவாகி, 2024 செப்டம்பரில்தான் 1,350 ஆனது. 2026இலிருந்து 1,550 என்றும், வருகைக்கு 200 என்றும் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நாளுக்கொரு சீட்டு வாங்குபவர் வருடத்துக்கு 14,600 ரூபா கொடுக்கிறார். 1,550 ரூபாப்படி பார்த்தால் ஏறக்குறைய ஒன்பதரைப் பேர். அட்டைக்கடியும் மழையும் வெயிலுமாக ஒன்பதரை நாள் எடுத்த கொழுந்து அத்தனையும் லொத்தர் தட்டுக்குப் போகிறது. அரைப்பேர் வெட்டினால் சண்டைக்கு நிற்கும் நாங்கள், இந்த ஒன்பதரைப் பேரைக் கேட்பதில்லை.

“ஒரு இலக்கத்தில் போச்சு”

லொத்தர் வாங்குபவர்கள் அடிக்கடி சொல்வது இது. “ஒரே ஒரு இலக்கத்தில் போச்சு. அடுத்த முறை கட்டாயம் விழும்.” இந்த மயக்கத்தை வைத்துத்தான் உலகத்தின் சூதாட்டக்கூடங்கள் நடக்கின்றன. நடுவில் ஒரு காரை ஏற்றி வைத்து, சுற்றிலும் இயந்திரங்களைப் போட்டிருப்பார்கள். இயந்திரத்தில் மூன்று சில்லு சுழலும். மூன்றிலும் காரின் படம் நின்றால் கார்.

1984இல் தெல்னேஸ் என்ற பொறியியலாளர் இதற்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். கண்ணுக்குத் தெரியும் சில்லில் 22 இடம் இருக்கலாம். எங்கே நிற்பது என்று தீர்மானிக்கும் கணினியின் உள்ளே 64 இடம் இருக்கலாம். கண் பார்த்துப் போடும் கணக்கில் மூன்றும் பொருந்தும் வாய்ப்பு 10,648இல் ஒன்று. உள்ளே நடக்கும் கணக்கில் 262,144இல் ஒன்று. பரிசுப் படத்துக்கு ஒரு படி மேலேயும் ஒரு படி கீழேயும் சில்லு அடிக்கடி நிற்கும்படி செய்யவும் இதே உபாயம் உதவியது. “கொஞ்சத்தில் போச்சு” என்ற எண்ணத்தையே அங்கே இயந்திரத்தில் செய்து விற்கிறார்கள்.

இதெல்லாம் எங்களுக்குத் தூரத்துச் சங்கதி என்று நினைக்கவேண்டாம். 2023 ஜூனில் காங்கேசன்துறைக்கு வந்த கோர்டிலியா உல்லாசக் கப்பலில் சூதாட்டக்கூடம் உண்டு. 2025 ஓகஸ்டில் கொழும்பில் ‘சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்’ திறந்தது. இலங்கையர் அங்கே நுழையவே டொலரில் கணக்கிட்ட வரி உண்டு. எங்கள் பிள்ளைகள் அந்த வாசலை மிதிக்கப் போவதில்லை. அவர்களுக்குத்தான் புடவைக் கடை வாசலில் ரிபன் கட்டிய கார் இருக்கிறதே.

ஏன் கார்?

யாழ்ப்பாணத்தில் காருக்கு ஒரு தனி மதிப்பு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், மண்ணெண்ணெயில் ஏ40, மொறிஸ் மைனர் கார்களை ஓடவைத்த ஊர் இது. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். வரிக்கு மேல் வரி சேர்ந்து சின்னக் காருக்கே விலை எங்கேயோ போய்விட்டது. மாதம் 30,000 வாங்கும் பையன் ஒரு வாய் சோறு தின்னாமல், வீட்டுக்கு ஒரு சதம் அனுப்பாமல் சேர்த்தாலும் அறுபது இலட்சத்துக்கு 200 மாதம் வேண்டும். பதினாறு வருடமும் எட்டு மாதமும்.

உழைத்து எட்டமுடியாத இடத்தில் வைத்ததால்தான் அதிர்ஷ்டத்தை நம்பச் சொல்ல முடிகிறது. சம்பளம் போதுமாக இருந்தால் கூப்பனைக் கசங்காமல் வைத்திருக்க யாருக்கும் தேவையில்லை. குறைந்த சம்பளம் கொடுப்பவரும் கூப்பன் கொடுப்பவரும் ஒரே ஆள் என்பது தற்செயல் இல்லை.

குலுக்கல் இல்லாமல் கிடைப்பவை

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. சம்பளத்தில் 12 வீதத்தை முதலாளி கட்டவேண்டும், 8 வீதம் தொழிலாளியின் பங்கு. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்டவேண்டும். 30,000 சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு மட்டும் மாதம் 4,500, வருடம் 54,000. இதற்குக் குலுக்கல் கிடையாது. நூற்றில் நூறு பேருக்கும் உரியது. 1954இன் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் வேலை, சம்பளத்தோடு வாரத்தில் ஒன்றரை நாள் லீவு. இதற்கும் கூப்பன் வெட்டத் தேவையில்லை.

அந்த மேல்மாடியில் படுக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சேமலாப நிதி இலக்கம் இருக்கிறது என்று கேட்டேன். ஒருவரும் கை உயர்த்தவில்லை. “அப்படின்னா என்னண்ணே?” என்று ஒருவன் கேட்டான். கூப்பனைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வருடம் 54,000 ரூபாவைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு. பிள்ளை தோட்டத்தை விட்டுப் போனதோடு சங்கத்தின் பொறுப்பு முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். மேதினச் செலவுக்கென்று பரிசுச் சீட்டு அடித்து, முதற் பரிசாக முச்சக்கர வண்டி வைக்கலாம் என்று எங்கள் கூட்டங்களிலேயே யோசனை வருகிறது. வேண்டாம், தோழர்களே. சந்தா கட்டுபவர் எல்லோருக்கும் ஒன்றாகக் கிடைப்பதைக் கேட்டுத்தான் சங்கம் கட்டினோம். ஆயிரம் பேரிடம் வாங்கி ஒருவருக்குக் கொடுக்கும் பாடத்தை நாங்களே கற்பிக்கக்கூடாது. காசு பற்றாவிட்டால் வெளிப்படையாகக் கேட்போம், கணக்குக் காட்டுவோம்.

தைப்பொங்கல் வாரத்தில் குலுக்கல் நடந்தது. கார் ஒருவருக்கு விழுந்தது. அவரோடு எங்களுக்குக் கோபமில்லை. எங்கள் பையன் அன்றைக்கு விழாவுக்குக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தான். அடுத்த லீவு நாளில் அவனும் இன்னும் மூன்று பேரும் என்னோடு யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்கு வந்தார்கள். சேமலாப நிதி கட்டப்படவில்லை என்று எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார்கள். விசாரணைக்குத் திகதி கிடைத்திருக்கிறது. வேலை போய்விடுமோ என்ற பயம் நால்வருக்கும் இருக்கிறது. அந்தப் பயத்தில் அவர்களைத் தனியே விடாமலிருப்பது இப்போது எங்கள் வேலை.

யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும் மகனோ மகளோ உங்களுக்கு இருந்தால், இந்த வாரம் தொலைபேசியில் பேசும்போது நான்கு கேள்வி கேளுங்கள். நியமனக் கடிதம் இருக்கிறதா? சம்பளத் துண்டு தருகிறார்களா? சேமலாப நிதி இலக்கம் என்ன? வாரத்தில் ஒன்றரை நாள் லீவு கிடைக்கிறதா? ஒன்றுக்காவது “இல்லை” என்று பதில் வந்தால் உங்கள் தோட்டத் தலைவரிடம் பெயரைக் கொடுங்கள்.

“அது ஏன் எனக்கா இருக்கக்கூடாது?” என்று கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். கேட்கவேண்டியதைத்தான் கேட்டாய். கூப்பன் பெட்டியிடம் கேட்காதே. சம்பளம் தருபவரிடம் கேள், மற்ற மூன்று பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்.